பரீட்சை அறையில் படம் ஓடாது

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பின் கடைசியில் எழுதும் ஏ லெவல் தேர்வில் ஃபிலிம் ஸ்டடீஸ், அதாவது சினிமா, ஒரு பாடம். அதன் பரீட்சையில் படம் எதையும் போட்டுக் காட்ட மாட்டார்கள். வரிசையாகப் போட்ட மேசைகள், ஒரு வினாத்தாள், ஒரு விடைப்புத்தகம், இரண்டரை மணி நேரம். மாணவரின் தலைக்குள் ஆறு படங்கள் இருக்க வேண்டும். இன்னொரு நாள் இன்னொரு இரண்டரை மணி நேரம். அதற்கு ஐந்து படங்கள். கேமரா எங்கே நின்றது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது, எந்த வார்த்தைக்குப் பிறகு வெட்டினார்கள் என்பதையெல்லாம் நினைவிலிருந்து எடுத்து எழுத வேண்டும். சினிமாவைப் பாடமாக எடுத்தால் சுலபமாகத் தப்பித்துவிடலாம் என்று நினைத்து வருகிற பிள்ளைகளிடம் நான் முதல் நாளே சொல்லும் செய்தி இது.

இங்கிலாந்தில் ஒரு சிக்ஸ்த் ஃபார்ம் கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்தி வருகிறேன். பதினாறு வயதில் வந்து பதினெட்டில் போகும் பிள்ளைகள். ஊரில் இருக்கும் உறவினர்களும் நண்பர்களும் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: அப்படி என்னதான் சொல்லிக்கொடுக்கிறாய்? கேமரா பிடிக்கவா, கதை எழுதவா, விமர்சனம் எழுதவா? மூன்றும் கொஞ்சம் உண்டு. ஆனால் மூன்றுக்கும் அடியில் இருக்கும் ஒரு பயிற்சிக்காகத்தான் இந்தப் பாடத்தை நேசிக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பாடத்தின் அமைப்பு, சுருக்கமாக. கார்டிஃப் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட தேர்வு வாரியம் ஒன்று, எடுகாஸ் என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறது. ஓசிஆர் என்ற வாரியமும் நடத்துகிறது. நாங்கள் எடுகாஸ். இப்போதைய பாடத்திட்டம் 2017-இல் வகுப்புக்கு வந்தது, 2019-இல் முதல் பரீட்சை நடந்தது. எழுத்துத் தாள்கள் இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 35 சதவீதம். மீதி 30 சதவீதம் மாணவரே எடுக்கும் குறும்படத்துக்கோ எழுதும் திரைக்கதைக்கோ போகும். முதல் தாளில் 1930 முதல் 1990 வரையான ஹாலிவுட்டிலிருந்து இரண்டு படங்கள், 2005-க்குப் பிந்தைய அமெரிக்கப் படங்கள் இரண்டு, 1995-க்குப் பிந்தைய பிரிட்டிஷ் படங்கள் இரண்டு. இரண்டாம் தாளில் உலக சினிமாவிலிருந்து இரண்டு, ஓர் ஆவணப்படம், ஒரு மௌனப்படம், ஒரு பரிசோதனைப் படம். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரியம் ஒரு பட்டியல் தரும். அதிலிருந்து ஆசிரியர் தேர்ந்தெடுக்கலாம்.

சேர்க்கைக்கு முன் பெற்றோர்கள் வந்து பார்க்கும் மாலை ஒன்று உண்டு. ஆசிரியர்கள் ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருப்போம். கெமிஸ்ட்ரி மேசைக்கும் கணக்கு மேசைக்கும் வரிசை வாசல்வரை நிற்கும். ஒருமுறை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் என் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: "ரீச்சர், படம் பாக்கிறதுக்கும் ஒரு சோதினையோ? இதை எடுத்தால் யூனிவேர்சிற்றியில ஏற்றுக்கொள்ளுவினமோ?" பக்கத்தில் மகள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கவலை நியாயமானது. ரஸ்ஸல் குழுமம் என்ற பெயரில் சேர்ந்திருக்கும் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் தங்களுக்கு உவப்பான பாடங்கள் என்று ஒரு பட்டியலே வைத்திருந்தார்கள். கணக்கு, அறிவியல், ஆங்கில இலக்கியம், வரலாறு, மொழிகள் மாதிரி. சினிமாவுக்கு அதில் இடமில்லை. 2019-இல் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள். ஆனாலும் பெற்றோர்களின் மனதிலிருந்து அது இன்னும் போகவில்லை. மருத்துவத்துக்கு வேதியியல் வேண்டும், பொறியியலுக்குக் கணக்கு வேண்டும், அதில் மாற்றமில்லை. மூன்றாவது பாடமாக இது இருந்தால் யாரும் கதவைச் சாத்தப்போவதில்லை என்று சொன்னேன். அப்புறம், "அண்ணை, உங்கட ஊரில ஏ லெவலுக்கு நாடகமும் அரங்கியலும் இருக்குத்தானே?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது. அவருடைய தம்பி அதைத்தான் படித்தாராம். நாடகத்தை உயர்தரப் பாடமாக வைத்துப் பரீட்சை நடத்தும் ஒரு சமூகத்துக்கு சினிமாவைப் படிப்பதை விளக்க அதிக நேரம் தேவைப்படவில்லை.

அந்தப் பெண் சேர்ந்தாள். அவளைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பிள்ளைகள் இரண்டு விதமாக வருகிறார்கள். சிலர் நிறையப் பார்த்தவர்கள்; இயக்குநர்களின் பெயர்களை அடுக்குவார்கள், எந்தப் படம் மோசம், எது அற்புதம் என்று கறாராகச் சொல்வார்கள். ஏன் என்று கேட்டால் இன்னும் சத்தமாக அதையே சொல்வார்கள். இன்னும் சிலர் நன்றாகப் படிக்கிறவர்கள். ஆங்கில வகுப்பில் குறியீடு தேடிப் பழகியவர்கள். சிவப்பு வந்தால் ஆபத்து, கண்ணாடி வந்தால் பிளவுண்ட மனம், மழை வந்தால் சோகம். இரு தரப்பும் திரையைப் பார்ப்பதே இல்லை என்பது என் எண்ணம். ஒருவர் தன் கருத்தைப் பார்க்கிறார், மற்றவர் தன் குறிப்பேட்டைப் பார்க்கிறார்.

அதனால் முதல் பருவத்தில் ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு நாட்கணக்கில் அதிலேயே உட்காருவோம். நான் பெரும்பாலும் 1942-இல் மைக்கேல் கர்டிஸ் இயக்கிய காஸபிளாங்காவிலிருந்து ஆரம்பிப்பேன். கறுப்பு வெள்ளை என்றதும் வகுப்பில் ஒரு சலிப்பு பரவும். ரிக்கின் மதுவிடுதியில் ஜெர்மன் அதிகாரிகள் தங்கள் பாட்டைப் பாடுகிறார்கள். நாஜி எதிர்ப்புப் போராளியான லாஸ்லோ நேராக இசைக்குழுவிடம் போய் பிரெஞ்சு தேசிய கீதத்தை வாசிக்கச் சொல்கிறான். விடுதியே எழுந்து பாடுகிறது, ஜெர்மானியர்களின் குரல் அமுங்கிப்போகிறது. காட்சி முடியும்போது அதே பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். "உடம்பு சிலிர்த்தது மிஸ்" என்று யாராவது சொல்வார்கள்.

சரி, எங்கே சிலிர்த்தது? இந்தக் கேள்விதான் என் இரண்டு வருடப் பாடம்.

முதலில் வரும் பதில் இசை. அப்படியானால் சத்தத்தை நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்போம். இப்போதும் ஏதோ செய்கிறது, ஆனால் வேறு இடத்தில். யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார்: லாஸ்லோ கேட்டதும் இசைக்குழுவினர் உடனே வாசிக்கவில்லை, முதலாளி ரிக்கைப் பார்க்கிறார்கள். ரிக் லேசாகத் தலையசைக்கிறான். ஒரு கணம்கூட முழுதாக நிற்காத ஷாட். யார் விவகாரத்திலும் தலையிடாதவன் என்று அதுவரை படம் நமக்குக் காட்டிக்கொண்டிருந்த மனிதன் அந்தத் தலையசைப்பில் மாறிவிட்டான். கீதம் ஆரம்பிக்கும் முன்பே நம் உடம்பு அதைப் பிடித்துவிட்டது. இன்னொரு மாணவர் இவோனின் முகத்தைச் சொல்வார். அன்று மாலை ஒரு ஜெர்மன் அதிகாரியின் துணையாக உள்ளே வந்தவள், இப்போது கண்ணீர் வழியப் பாடுகிறாள், அண்மைக்காட்சியில்.

இந்த இடத்துக்கு வந்த பிறகுதான் வரலாற்றைச் சொல்வேன். இவோனாக நடித்த மத்லேன் லெபோ 1940-இல் பாரிஸிலிருந்து தப்பி வந்தவர். சூதாட்ட மேசைக்காரராக நடித்த மார்செல் தாலியோ அப்போது அவருடைய கணவர், யூதர். நாஜி மேஜராக நடித்த கான்ராட் ஃபைட்டே நாஜிகளுக்காக ஜெர்மனியை விட்டு வெளியேறியவர். அவர் மனைவி யூதப் பெண். அந்த விடுதியில் பாடியவர்களில் பலர் நிஜ அகதிகள். படம் பிடித்த 1942 கோடையில் பாரிஸ் இன்னும் ஜெர்மானியர் கையில்தான் இருந்தது. போர் எப்படி முடியும் என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. நவம்பரில் நேச நாட்டுப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கின. அதே மாதம் 26-ஆம் தேதி நியூயார்க்கில் படம் திரைக்கு வந்தது.

பாடத்திட்டத்தில் இதற்கு "சூழல்" என்று ஒரு தலைப்பு இருக்கிறது. சமூகச் சூழல், அரசியல் சூழல், தயாரிப்பு நிறுவனச் சூழல் என்று. அதை முதலில் சொல்லிக்கொடுத்தால் கட்டுரையின் தொடக்கத்தில் ஒரு பத்தியாக ஒட்டிவிடுவார்கள். ஒரு முகத்தை ஐந்து தடவை பார்த்து, அந்தக் கண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தவித்த பிறகு சொன்னால், அந்தச் செய்தி காட்சிக்குள்ளேயே போய் உட்காரும். இந்த வரிசையை நான் எப்போதும் மாற்றுவதில்லை.

குறியீடு தேடும் பழக்கத்துக்கு மருந்து ஸ்பைக் லீ. 1989-இல் வந்த டூ த ரைட் திங், ப்ரூக்ளினில் ஒரே தெருவில், கொளுத்தும் ஒரு நாளில் நடக்கிறது. அதில் மூன்று பேர் ஒரு பெரிய சிவப்புச் சுவரின் முன் குடை நிழலில் உட்கார்ந்து வம்பு பேசுவார்கள். "சிவப்பு கோபத்தைக் குறிக்கிறது" என்று தாள்களில் எழுதி வருவார்கள். தவறில்லை, ஆனால் அதோடு நின்றால் எதுவும் கிடைக்காது. அந்தச் சுவரை எடுத்து நீல வண்ணத்தில் கற்பனை செய்து பாருங்கள், வெயில் என்ன ஆகிறது என்று கேட்பேன். ஒளிப்பதிவாளர் எர்னெஸ்ட் டிக்கர்சனும் கலை இயக்குநர் வின் தாமஸும் சேர்ந்து அந்தத் தெருவையே சிவப்பும் மஞ்சளும் ஆரஞ்சுமாக மாற்றியமைத்தார்கள். பார்ப்பவருக்கு வியர்க்க வேண்டும். உடம்பு முதலில் வெக்கையை உணர்கிறது. கோபம் அதன் மேல் ஏறி வருகிறது. இதை ஒரு பிள்ளை தன் வார்த்தையில் எழுதிவிட்டால் அப்புறம் நான் அந்தப் பிள்ளையைப் பற்றிக் கவலைப்பட மாட்டேன்.

பிரிட்டிஷ் பகுதிக்கு ஷேன் மெடோஸின் திஸ் இஸ் இங்லண்ட் படத்தை வைத்திருக்கிறேன். 2006-இல் வந்தது, மெடோஸின் சொந்தச் சிறுவயதைத் தழுவியது. கதை நடப்பது 1983-இல். அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் தகப்பனை இழந்த பன்னிரண்டு வயது ஷான், ஸ்கின்ஹெட் எனப்படும் மொட்டைத்தலை இளைஞர் கூட்டமொன்றில் அன்பைக் கண்டடைகிறான். பிறகு சிறையிலிருந்து வரும் காம்போ அந்தக் கூட்டத்தை உடைத்து, ஒரு பாதியை இனவெறிக் கட்சியின் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறான். தொடக்கத்திலேயே பழைய செய்திப்படத் துண்டுகளின் தொகுப்பு ஒன்று வரும்: பிரதமர் தாட்சர், இளவரசர் சார்ல்ஸ் திருமணம், வேலைநிறுத்தம், இனவெறியர் ஊர்வலம், காயம்பட்ட சிப்பாய்கள். பின்னணியில் ஓடுவது ஜமைக்காவின் ரெகே பாட்டு. வெள்ளை இளைஞர்களின் அந்தக் கலாச்சாரமே கறுப்பர்களின் இசையிலிருந்து பிறந்தது என்பதை, யாரும் வாய் திறப்பதற்கு முன்பே படம் சொல்லிவிடுகிறது.

இந்தப் படத்துக்குத் தணிக்கை வாரியம் 18 சான்றிதழ் கொடுத்தது. அதாவது, ஷான் வயதுப் பிள்ளைகள் மட்டுமல்ல, பதினேழு வயதுக்காரர்களும் திரையரங்கில் பார்க்க முடியாது. உள்ளூராட்சிக்கு அதை மாற்றும் அதிகாரம் இங்கே உண்டு; பிரிஸ்டல் நகரசபை 15 ஆக்கியது. யாருக்காக எடுத்த படம், யார் பார்க்கலாம் என்று வகுப்பில் ஒரு முழு மணி நேரம் சண்டை நடக்கும். நான் பிரிஸ்டல் பக்கம்.

இங்கேதான் அந்தப் பெண் வருகிறாள். அவள் அப்பா கொழும்பிலிருந்து கிளம்பியதும் 1983-க்குப் பிறகுதான். அந்த ஆடி மாதம் அங்கே கடைகளும் வீடுகளும் எரிந்தது பற்றி அவள் வீட்டில் பேச்சுவாக்கில் கேட்டிருக்கிறாள். இங்கே வந்து பல வருடம் அவர் பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்தார்; லண்டனில் அந்தத் தலைமுறைத் தமிழர்கள் நிறையப் பேர் அப்படித்தான். படத்தில் சந்து என்கிற தெற்காசியக் கடைக்காரர் ஒருவர் வருவார். ஷான் உள்ளே போய் அவரை இழிவாகப் பேசுவான். அவர் அவனைப் பிடிக்கும்போது காம்போ பட்டாக்கத்தியோடு நுழைவான். நாங்கள் அந்தக் காட்சியை முதலில் விவாதித்தபோது எல்லோரும் காம்போவின் நடிப்பைப் பற்றிப் பேசினார்கள். ஸ்டீஃபன் கிரஹாம் அப்படி நடித்திருக்கிறார், பேசத்தான் வேண்டும். அவள் கடைசியில் கையைத் தூக்கினாள். "நாம ஏன் மிஸ், அவரோட வீட்டுக்கு ஒரு தடவைகூடப் போகலை?" என்று கேட்டாள்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. ஷானின் வீட்டுக்குப் போகிறோம். அவன் அம்மாவைப் பார்க்கிறோம். காம்போவின் காதல் தோல்வியைக்கூடக் காருக்குள் உட்கார்ந்து பார்க்கிறோம். சந்து, கடைக்குள் மட்டுமே இருக்கிறார். ஷான் உள்ளே வந்தால் இருக்கிறார், போனால் இல்லை. முர்ரே ஸ்மித் என்ற அறிஞர் 1995-இல் வெளிவந்த தன் நூலில் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்: கதை யாரோடு நம்மைக் கூட்டிப்போகிறது என்பது ஒன்று, நம் மனம் யார் பக்கம் நிற்கிறது என்பது வேறொன்று. அடுத்த பாடவேளையில் நடத்துவதாக இருந்ததை அவள் கேள்வி முன்னால் கொண்டுவந்துவிட்டது. ஒருவனோடு ஒரு மணி நேரம் நடந்துவிட்டு, அவன் ஓர் அப்பாவியை அவமதிக்கும்போதும் அவன் தோளுக்குப் பின்னாலேயே நிற்கிறோமே, அது படத்தின் பலமா பலவீனமா? ஒரு குழந்தை எப்படி வெறுப்புக்குள் இழுபடுகிறது என்பதை உணர வைக்க அதுதான் வழி என்று சிலர் வாதிட்டார்கள். அதற்கு விலை கொடுப்பது சந்துதானே என்று அவள் விடவில்லை. பரீட்சையில் அவள் அந்த வாதத்தை ஷாட் ஷாட்டாக எழுதினாள் என்று பின்னர் சொன்னாள். நானாக இருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன். படத்தை அவள் வெறுக்கவில்லை. அவளுக்கு மிகவும் பிடித்த படம் அதுதான். பிடித்த ஒன்றிடம் கணக்குக் கேட்கத் தெரிந்திருப்பது பதினேழு வயதில் சாதாரணக் காரியமில்லை.

நம் ஊர்ப் படமும் அந்தப் பட்டியலில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2017 பட்டியலின் உலக சினிமாப் பிரிவில் மணிரத்னத்தின் தில் சே, தமிழில் உயிரே, இருந்தது. 1998-இல் வெளியானபோது பிரிட்டனின் வசூல் வரிசையில் முதல் பத்துக்குள் நுழைந்த முதல் இந்தியப் படம் அது. ரயில் கூரைமேல் ஆடும் பாட்டு ஊட்டி மலை ரயிலில் எடுக்கப்பட்டது என்று சொன்னால் இங்கே யாருக்கும் ஒன்றும் தோன்றாது. நமக்குத்தான் அந்த நீலகிரித் தேயிலைச் சரிவுகளைப் பார்த்ததும் மனம் பொங்கும். ஆங்கிலப் பிள்ளைகள் முதலில் கேட்பது, கதை நடுவே ஏன் பாடுகிறார்கள் என்றுதான். அது நல்ல கேள்வியே, ஆனால் ஒரு போலந்துப் பையன் கேட்டது அதைவிட நல்ல கேள்வி: "அவன் தேடுகிற பெண் இந்தப் பாட்டில் எங்கே?" இல்லவே இல்லை. மழை இரவில் ரயில் நிலையத்தில் பார்த்த மனீஷா கொய்ராலா ரயிலேறிப் போய்விட்டார். கூரைமேல் ஷாருக் கானோடு ஆடுவது வேறொரு பெண். அவனுடைய ஆசைக்கு அவன் தேடும் பெண் இருக்கத் தேவையே இல்லை. அந்தப் பெண் யார், அவளுக்கு என்ன நடந்தது என்பதைப் படம் முழுக்கப் பார்க்கத் தவறும் ஓர் ஆணின் கதை, அந்தப் பாட்டிலேயே தொடங்கிவிட்டது. தொட்டிலிலிருந்தே அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த நம் பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள்.

உலக சினிமாவில் நான் கண்டிப்பாக வைக்கும் படம் ஜாஃபர் பனாஹியின் டாக்ஸி. ஈரான் அரசு 2010-இல் அவருக்கு இருபது ஆண்டுகள் படமெடுக்கத் தடை விதித்தது. அவர் டாக்ஸி ஓட்டுநராக உட்கார்ந்து, வண்டிக்குள் பொருத்திய கேமராக்களை வைத்தே ஒரு படம் எடுத்தார். 2015-இல் பெர்லின் விழாவில் தங்கக்கரடி விருது அதற்குக் கிடைத்தது. நாட்டைவிட்டு வெளியே போக முடியாத அவருக்காக, படத்தில் நடித்த, அவருக்கு மருமகள் முறையான சிறுமி ஹனா மேடையேறி வாங்கினாள்.

படத்திலும் அவள் மருமகளாகவே வருகிறாள். பள்ளிக்காக ஒரு குறும்படம் எடுக்க வேண்டும் அவளுக்கு. டீச்சர் சொன்ன விதிகளை மாமாவுக்குப் படித்துக் காட்டுகிறாள்: பெண்கள் தலையை மூட வேண்டும், ஆணும் பெண்ணும் தொடக்கூடாது, நல்லவர்கள் டை கட்டக்கூடாது, அசிங்கமான யதார்த்தத்தைக் காட்டக்கூடாது. பிறகு தெருவில் ஒரு கல்யாணத்தைப் படம் பிடிக்கிறாள். மாப்பிள்ளையின் பையிலிருந்து விழுந்த பணத்தைக் குப்பை பொறுக்கும் சிறுவன் ஒருவன் எடுத்துக்கொள்கிறான். அவளுக்குப் பதற்றம். திருட்டு இருந்தால் படம் திரையிடத் தகுதி இழந்துவிடும். பையனைக் கூப்பிட்டு, பணத்தைத் திருப்பிக் கொடு, நான் மறுபடி எடுக்கிறேன் என்று கெஞ்சுகிறாள்.

பள்ளிக்கூடத்துக்காகப் படமெடுக்கும் பிள்ளைகள், பள்ளிக்கூடத்துக்காகப் படமெடுக்கும் ஒரு பிள்ளையைப் பார்க்கிறார்கள். எங்கள் வாரியத்துக்கும் விதிகள் உண்டு. குறும்படம் நான்கு முதல் ஐந்து நிமிடம். திரைக்கதை என்றால் 1600 முதல் 1800 வார்த்தைகள், ஒரு முக்கியமான பகுதிக்குப் ஷாட்களை வரிசையாகக் காட்டும், புகைப்படங்களால் ஆன ஸ்டோரிபோர்டு. இரண்டில் எதைச் செய்தாலும் இன்னொரு 1600 முதல் 1800 வார்த்தைகளில் தன் வேலையைத் தானே அலச வேண்டும். நடிக்கவோ மைக் பிடிக்கவோ நண்பர்கள் உதவலாம், வேலை அவரவருடையது. இந்த விதிகள் யாரையும் எதையும் மறைக்கச் சொல்லவில்லை. அந்தச் சுதந்திரம் என்ன விலை பெறும் என்பதை ஹனா அளவுக்கு என்னால் புரியவைக்க முடியாது.

சுதந்திரம் கிடைத்ததும் என்ன எடுக்கிறார்கள்? அலாரம் அடிக்கிறது, ஒரு கை வந்து அணைக்கிறது, எழுந்து கண்ணாடியில் முகம் பார்க்கிறார்கள். வருடா வருடம் இதே தொடக்கம். நான் அலாரத்தைத் தடை செய்துவிட்டேன். அது இல்லாமல் ஒருவரைப் பற்றி எப்படிச் சொல்வது என்று யோசிக்கும்போதுதான் தங்கள் வீட்டைப் பார்க்கிறார்கள். ஒரு பையன் தன் பாட்டி மாத்திரைப் பெட்டியில் ஒரு வாரத்துக்கான மாத்திரைகளை அடுக்குவதை எடுத்தான், வசனமே இல்லாமல். மூடி ஒவ்வொன்றும் டக்கென்று மூடும் ஒலியை மட்டும் தனியாகப் பதிவு செய்து சேர்த்தான். ஃபோன் கேமராக்கள் இப்போது அருமையாக இருக்கின்றன; பிள்ளைகளின் படங்கள் விழுவது ஒலியில். காற்று இரைகிறது, வசனம் கேட்பதில்லை, ஒவ்வொரு வெட்டிலும் பின்னணி இரைச்சல் மாறுகிறது. அதனால் படப்பிடிப்புக்கு முன் எல்லோரையும் ஒரு நிமிடம் வெற்று அறையின் ஒலியைப் பதிவு செய்யச் சொல்வேன். சும்மா இருக்கும் அறைக்கும் ஒரு சத்தம் உண்டு என்று தெரியும்போது அவர்கள் முகத்தில் வரும் வியப்பு எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

மௌனப்படங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் பயப்படுவார்கள், எல்லோருக்கும் பிடித்துப்போகும். ஸீகா வெர்டாவின் மேன் வித் எ மூவி கேமரா, 1929. அதில் ஓடும் குதிரை திடீரென்று உறைந்து நிற்கும். அடுத்து, அந்தப் படச்சுருளையே கையில் வைத்து எலிசவேத்தா ஸ்விலோவா வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்ப்போம். அவர் வெர்டாவின் மனைவி, படத்தொகுப்பாளர். படத்தொகுப்பு என்றால் என்ன என்று நான் கரும்பலகையில் விளக்கியதெல்லாம் அந்த ஒரு நிமிடத்துக்கு ஈடாகாது.

இந்தப் பாடத்திட்டத்தில் எனக்கு மனவருத்தங்களும் உண்டு. பதினொரு படங்கள் மிக அதிகம். ஏழெட்டு போதும், ஆழமாகப் போகலாம். அதில் நான்கு கட்டாயம் அமெரிக்கப் படங்கள். உலகம் முழுவதுக்கும் சேர்த்து இரண்டு என்பது நியாயமில்லை. கோட்பாட்டுச் சொற்களைத் தூவினால் மதிப்பெண் வரும் என்று பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். சினிமாக் கோட்பாட்டாளர் லாரா மல்வி 1975-இல் ஆணின் பார்வை பற்றி எழுதிய கட்டுரை மகத்தானது. ஆனால் அவர் பெயரை எழுதிவிட்டு ஷாட்டைப் பற்றி ஒரு வரிகூட எழுதாத தாள்கள் என்னைச் சோர்வடையச் செய்கின்றன. ஹிட்ச்காக்கின் வெர்டிகோவில் அந்த உணவகச் சுவரின் சிவப்பையும் அதன் முன்னே வந்து நிற்கும் பெண்ணின் பக்கவாட்டு முகத்தையும் விவரித்து, யாருடைய கண்களால் இதைப் பார்க்கிறோம் என்று கேட்கும் தாள், மல்வி பெயர் இல்லாவிட்டாலும் மல்வியைப் புரிந்துகொண்ட தாள்.

உங்கள் வீட்டில் யாராவது செப்டம்பரில் இந்தப் பாடத்தில் சேரப் போகிறார்கள் என்றால், விடுமுறையில் நூறு படங்கள் பார்க்கச் சொல்லி விரட்ட வேண்டாம். நான் என் பிள்ளைகளுக்கு ஜூலையில் கொடுக்கும் வேலை ஒன்றுதான். பிடித்த படம் ஒன்று, எந்த மொழியானாலும் சரி; ரஜினி படமானாலும் சரி. அதில் மனதைத் தொட்ட இரண்டு நிமிடங்களை எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் சும்மா பார்க்க வேண்டும். அப்புறம் சத்தம் இல்லாமல். அப்புறம் திரையைப் பார்க்காமல் காதால் மட்டும். கடைசியாக ஒவ்வொரு வெட்டிலும் நிறுத்தி, எத்தனை ஷாட், ஒவ்வொன்றிலும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கையால் எழுத வேண்டும். அதன் கீழே, எந்த இடத்தில் மனம் அசைந்தது என்று ஒரே ஒரு பத்தி. இணையத்தில் யாரோ எழுதியது வேண்டாம், சொந்த இடம் வேண்டும். முதல் வகுப்பில் அந்தத் தாள்களைத்தான் வாங்கிப் படிப்பேன், பிள்ளைகளின் பெயர்களைக் கேட்பதற்கு முன்னாலேயே.